தெல்லிப்பழை நட்சத்திரம்

பிள்ளைகள், அப்பாவுக்கு என்ன வேலை என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால் என்ன சொல்வது என்று நீங்கள் இரண்டு பேரும் சாப்பாட்டு மேசையில் சண்டை பிடித்தது நினைவிருக்கும். பெரியவள் கொம்பியூட்டர் என்றாள். சின்னவன் இல்லை, ஃபோட்டோக்கொப்பி என்றான். இரண்டும் இல்லை, ஊர்வேலை என்று சொல்லி அம்மா சண்டையை முடித்து வைத்தார். மூன்றுமே சரிதான். சந்தியில் இருக்கிற நம்முடைய கடையில் ஃபோட்டோக்கொப்பி அடிக்கிறேன், கலியாணக் கார்ட் செய்து கொடுக்கிறேன், மிச்ச நேரத்தில் ஊர்ச் சனசமூக நிலையத்தின் இணையத்தளத்தைப் பார்த்துக்கொள்கிறேன். அந்த இணையத்தளத்தில் ஒருமுறை நடந்த ஒரு காரியத்தை உங்களுக்காக எழுதி வைக்கிறேன். பின்வீட்டு மாமி ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன் என்று இருந்ததும், பிறகு போனதும் உங்களுக்குத் தெரியும். நடுவில் நடந்தது தெரியாது. அதைத் தெரிந்துகொண்டால் அப்பா என்ன வேலை செய்கிறார் என்பது ஓரளவுக்கு விளங்கும்.

நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. சாதாரண தரப் பரீட்சையோடு நின்று, பிறகு யாழ்ப்பாணம் டவுனில் ஒரு கணினி வகுப்புக்குப் போய், மிச்சத்தை வீடியோ பார்த்துப் பழகிக்கொண்டவன். நான் விளக்குவதில் பிழை இருந்தால் பெரியவள் வளர்ந்து வந்து திருத்தட்டும்.

வானில் இருந்து தொடங்குகிறேன். வெளிநாட்டில் இருக்கிற நம்முடைய ஊர்ச்சனம் சேர்ந்து சனசமூக நிலையத்துக்கு ஒரு வான் வாங்கிக் கொடுத்தார்கள். சுகமில்லாதவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிவருவதற்கு. தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குத்தான் அநேகமாக ஓடும். முதலில் எல்லோரும் சாரதித் தம்பிக்கு ஃபோன் அடித்தார்கள். அதில் ஒரே கரைச்சல். நான்தான் முதலில் சொன்னேன், இல்லை நான்தான் என்று தகராறு. கனடாவில் இருந்தும் பிரான்சில் இருந்தும் பிள்ளைகள் தாய் தகப்பனுக்காக நேரம் காலம் தெரியாமல் அடிப்பார்கள். அதனால் இணையத்தளத்தில் வானுக்கென்று ஒரு பக்கம் செய்தேன். போகிறவரின் பெயர், போகும் இடம், எடுக்க வரவேண்டிய நேரம், இவ்வளவையும் நிரப்பி அனுப்பினால் சாரதித் தம்பியின் ஃபோனுக்கு ஒரு செய்தி போய்ச் சேரும். அது மாதக்கணக்காக ஒழுங்காக ஓடியது. ஊரில் இருக்கிற ஆட்கள் அப்போதும் தம்பியைத் தெருவில் மறித்துத்தான் சொல்வார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகள்தான் அந்தப் பக்கத்தைப் பாவித்தார்கள்.

அப்படிப் பாவித்தவர்களில் ஒருவர் மாமியின் மகன். பிரான்சில் இருக்கிறார். மாமிக்கு மூன்று கிழமைக்கு ஒருக்கால் தெல்லிப்பழையில் மருந்து ஏற்றவேண்டும். என்ன வருத்தம், என்ன நோய் என்று உங்களுக்கு அப்போது சொல்லவில்லை, இப்போது தெரிந்திருக்கும். திகதிக்கு முதல் நாள் மகன் அங்கிருந்தே நிரப்பி அனுப்புவார். காலையில் வான் வரும். மாமி வாசல் படலையடிக்கு ஒரு பிளாஸ்ரிக் கதிரையைக் கொண்டுவந்து போட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பார். வான் வந்து ஹோன் அடித்துக் கூப்பிடும்வரை உள்ளே இருக்க அவருக்குப் பிடிக்காது. தனக்காக ஒருவரைக் காக்க வைக்கக்கூடாது என்ற எண்ணம்.

ஒரு வெள்ளிக்கிழமை அம்மா முருங்கைக்காய் கொண்டுபோய்க் கொடுக்கப் போனார். திரும்பி வந்து என்னிடம் சொன்னார், மாமியின் கதிரை படலையடியில் வெயிலில் கிடக்கிறது, எடுத்து உள்ளே வைக்கவில்லை என்று. கேட்டதற்கு, புதன்கிழமை போட்டது, எடுக்க மறந்துபோனேன் என்றாராம். மாமி எதையும் மறக்கிற ஆள் இல்லை. அம்மா விடாமல் கேட்டபோதுதான் தெரிந்தது, புதன்கிழமை வான் வரவில்லை. மாமி ஆறு மணியில் இருந்து கதிரையில் இருந்திருக்கிறார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போய், சந்தை வாகனங்கள் போய், வெயில் ஏறிய பிறகு எழும்பி உள்ளே போய்ச் சீலையை மாற்றிவிட்டார். ஒருவருக்கும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்து ஒரு நேர்ஸ் ஃபோன் பண்ணி, ஏன் அம்மா வரவில்லை, செவ்வாய்க்கிழமை கட்டாயம் வாங்கோ என்று வேறு திகதி கொடுத்திருக்கிறார். மாமி ஓம் என்று சொல்லி வைத்துவிட்டார். ஆனால் அம்மாவிடம், நான் இனிப் போகேல்லைப் பிள்ளை, காணும் என்றாராம்.

நான் சாரதித் தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவனுக்கு முகம் கறுத்துப்போனது. தனக்குச் செய்தியே வரவில்லை என்றான். ஃபோனை என் கையில் தந்து தேடிப் பார்க்கச் சொன்னான். உண்மையாகவே இல்லை. "வந்தால் நான் போகாமல் விடுவனே அண்ணை? மாமி வானுக்குள்ளை ஏறின உடனை எனக்குத் தின்ன ஒரு ரொபி தாறவ. நான் சின்னப்பிள்ளை எண்டு நினைப்பு" என்றான். அவன் அன்றைக்கே மாமியிடம் போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறான். மாமி தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார். நம்பவில்லை.

அடுத்த நாள் பிரான்சில் இருந்து மகன் எனக்கு ஃபோன் அடித்தார். தான் அனுப்பியது அனுப்பியதுதான், கிடைத்தது என்று பதிலும் வந்தது என்றார். என்ன பதில் வந்தது என்று கேட்டேன். "கிடைத்தது, பிள்ளையார் துணை எண்டு வந்தது அண்ணை" என்றார். அதைக் கேட்டு எனக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. நம்முடைய ஊரில் பிள்ளையார் துணை என்று எங்கேதான் எழுதவில்லை? வான் கண்ணாடியில் இருக்கிறது, கடைப் பலகையில் இருக்கிறது, நான் அடித்துக் கொடுக்கிற ஒவ்வொரு நோட்டீசின் தலையிலும் இருக்கிறது. வான் பக்கத்துக்கு நான் எழுதிய பதிலும் அதுவாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். மாதக்கணக்குக்கு முன் எழுதியதை யார் நினைவில் வைத்திருப்பார்கள்?

பின்னேரம் மாமியிடம் போனேன். கொம்பியூட்டரில் ஏதோ பிழை, செவ்வாய்க்கிழமை வானை நானே சொல்லி அனுப்புகிறேன் என்றேன். மாமி கோபப்படவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"கொம்பியூட்டரிலை ஒரு பிழையும் இல்லைத் தம்பி. கிடைச்சது எண்டு மகனுக்கு வந்ததுதானே. கிடைச்சுத்தான் வரேல்லை" என்றார்.

நான், அப்படி இல்லை மாமி, அப்படி இல்லை மாமி என்று கதைத்துக்கொண்டிருந்தேன். அவர் என்னுடைய கையைத் தட்டிக்கொடுத்தார்.

"ஒரு சனம் எத்தினை தரமெண்டு ஒரு ஆளைத் தூக்கித் திரியும்? உங்களுக்கும் அலுக்கும்தானே. அதிலை பிழை இல்லை. இப்ப நான் முகம் சுழிச்சிட்டன் எண்டு நீங்கள் வானை அனுப்புறியள். அப்பிடி எனக்கு வேண்டாம்."

பிள்ளைகள், எங்களுடைய ஆட்கள் எப்படி என்று உங்களுக்கும் போகப்போகத் தெரியும். பசித்தாலும் கேட்டு வாங்கிச் சாப்பிட மாட்டார்கள். ஒருமுறை ஏதாவது தவறிப்போய்விட்டால், நான் பாரமாகிவிட்டேன் என்று தாங்களாகவே விலகிவிடுவார்கள். அதன் பிறகு நீங்கள் எவ்வளவு கெஞ்சினாலும் அது உபசாரத்துக்குச் சொல்கிற கதையாகத்தான் அவர்களுக்குக் கேட்கும். மாமியிடம் வேறு கதை எடுபடாது. புதன்கிழமை அவருடைய மகன் அனுப்பியது எங்கே போனது என்று கண்டுபிடித்து, இந்தா, இங்கேதான் போனது என்று கையில் கொடுக்கவேண்டும். செவ்வாய்க்கிழமைக்கு முன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடையைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு தொடங்கினேன்.

இணையத்தளம் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லவேண்டும், இல்லாவிட்டால் மிச்சம் விளங்காது. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மினிபஸ்கள் வரிசையில் நிற்கின்றன. ஒன்று சுன்னாகத்தோடு நிற்கும், ஒன்று தெல்லிப்பழைக்குப் போகும், ஒன்று அதற்கும் அப்பால் போகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கொண்டக்டர். ஒரு ஆள் வந்தால் முதலில் நிற்கிற கொண்டக்டரிடம் கேட்பார், இது தெல்லிப்பழை போகுமோ? இல்லையென்றால் அடுத்தவரிடம் போவார். ஓம் என்று எவர் முதலில் சொல்கிறாரோ அந்த பஸ்ஸில் ஏறிவிடுவார். அதற்குப் பின்னால் நிற்கிற பஸ்களுக்கு அப்படி ஒரு ஆள் வந்ததே தெரியாது. இணையத்தளத்திலும் இதேமாதிரி ஒரு கோப்பு இருக்கிறது. வெளியில் இருந்து வருகிற ஒவ்வொரு வேண்டுகோளும் அந்தக் கோப்பின் மேலிருந்து கீழே, வரி வரியாகக் கேட்டுக்கொண்டு வரும். இது உன்னுடையதோ, இது உன்னுடையதோ என்று. அந்தக் கோப்பை றூட் கோப்பு என்பார்கள். வேண்டுகோளை ஏற்றுக்கொண்டு வேலையைச் செய்கிற துண்டை ஹான்ட்லர் என்பார்கள். எனக்கு அந்தப் பெயர் வாயில் நிற்காது. பொறுப்பாளி என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன். வானுக்கு ஒரு பொறுப்பாளியை நானே எழுதி வைத்திருந்தேன்.

முதலில் செய்தி அனுப்புகிற சேவையில் சந்தேகப்பட்டேன். தனியாக ஒரு செய்தி சாரதித் தம்பிக்கு அனுப்பினேன். உடனே போனது. அவன், என்ன அண்ணை, அவசரமோ என்று கேட்டு அடித்தான். ஆகவே அதில் பிழை இல்லை. பிறகு வான் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். திறந்தது. என்னுடைய பெயரைப் போட்டு, போகும் இடம் தெல்லிப்பழை, நேரம் காலை ஆறரை என்று நிரப்பி அனுப்பினேன். கிடைத்தது, பிள்ளையார் துணை என்று பதில் வந்தது. சாரதித் தம்பிக்கு ஒன்றும் போகவில்லை. இதில்தான் எனக்கு மண்டை காய்ந்தது. பிழை என்றால் பிழை என்று ஏதாவது சிவப்பில் எழுதிக் காட்டவேண்டும். இங்கே எல்லாமே நல்லபடியாக முடிந்துவிட்டது என்று சொல்கிறது, காரியம் மட்டும் நடக்கவில்லை.

வான் பொறுப்பாளியை எடுத்து வரி வரியாகப் படித்தேன். எழுதியது நானேதான், இருந்தாலும் வேறு யாரோ எழுதியதைப்போல இருந்தது. அதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஒரு எழுத்தை மாற்றி அனுப்பிப் பார்ப்பேன். கிடைத்தது, பிள்ளையார் துணை. திருப்பி இன்னொன்றை மாற்றி அனுப்புவேன். கிடைத்தது, பிள்ளையார் துணை. கடைசியில் அந்தப் பொறுப்பாளியின் முதல் வரியிலேயே ஒரு சின்ன வரி எழுதினேன். உள்ளே யாராவது காலடி வைத்தால் 'வந்திட்டன்' என்று எழுதி வை என்று. திரும்ப அனுப்பினேன். பதில் வந்தது. வந்திட்டன் என்று மட்டும் எழுதப்படவில்லை.

அப்படியென்றால் வேண்டுகோள் அந்தப் பொறுப்பாளியிடம் போகவே இல்லை. நான் காலையில் இருந்து குற்றம் இல்லாத ஆளைப் பிடித்து விசாரித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் பதில் வருகிறது. அப்போது யார் பதில் சொல்கிறார்கள்?

அந்த நேரம் பார்த்துக் கோயில் ஐயர் ஸ்கூட்டியைக் கடை வாசலில் நிறுத்தினார். திருவிழா முடிந்து ஒரு கிழமைதான். ஏதோ கொப்பி அடிக்க வந்திருக்கிறார் என்று எழும்பினேன். அவர் உள்ளே வந்து, என்னை மேலும் கீழும் பார்த்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தம்பி, வீட்டிலை ஆருக்கும் சுகமில்லையோ?"

எல்லோரும் சுகம் ஐயா என்றேன்.

"பிறகு ஏன் காலமை தொடக்கம் அர்ச்சனைக்கு அனுப்பிக்கொண்டு இருக்கிறீர்? எட்டு ஒன்பது தரம் வந்திட்டுது. நானும் ரெண்டு தரம் செய்துபோட்டு, இதென்ன, ஆளுக்கு ஏதோ பெரிய கஷ்டம்போலை, நேரை போய்ப் பாப்பம் எண்டு வந்தனான்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் மடியில் இருந்து ஃபோனை எடுத்தார்.

"அதோடை இன்னொண்டு கேக்கவேணும். உந்தத் தெல்லிப்பழை எண்டது என்ன நட்சத்திரம்? எனக்குத் தெரிஞ்சு இருவத்தேழுதான். இருவத்தெட்டாவதாய் ஒண்டை உம்மடை கொம்பியூட்டர் கண்டுபிடிச்சிருக்கோ?"

ஃபோனை வாங்கிப் பார்த்தேன். என்னுடைய பெயர், தெல்லிப்பழை, காலை ஆறரை. என்னுடைய பெயர், தெல்லிப்பழை, காலை ஆறரை. வரிசையாக. விரலால் மேலே தள்ளிக்கொண்டு போனேன். புதன்கிழமைக்கு முதல் நாள் இரவில் வந்த செய்தி அங்கே இருந்தது. மாமியின் பெயர், தெல்லிப்பழை, காலை ஆறரை.

நான் கதிரையில் இருந்துவிட்டேன். 

நடந்தது இதுதான். திருவிழாவுக்கு முதல், வெளிநாட்டில் இருக்கிறவர்கள் பெயரும் நட்சத்திரமும் அனுப்பினால் ஐயரின் ஃபோனுக்குப் போகிறமாதிரி நம்முடைய பிள்ளையார் கோயில் அர்ச்சனைக்கு ஒரு பொறுப்பாளி எழுதித் தரச்சொல்லி நிலையத்தில் கேட்டார்கள். எழுதினேன். கிடைத்தது, பிள்ளையார் துணை என்பது அதற்கு எழுதிய பதில். கோப்பின் கடைசி வரியில் சேர்த்தேன். புதிதாய் வந்தது கடைசியில்தானே நிற்கும். நிலையத் தலைவர் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கணினி தெரியாது, ஆனால் எது மேலே எது கீழே என்று தெரியும். பிள்ளையாரைக் கடைசியில் போடுவதா என்று கேட்டார். கேட்டதில் பிழை இல்லை. கலியாணத்துக்குச் சாமான் எழுதினாலும் முதலில் பிள்ளையார் சுழி போடுகிறோம். முதல் கார்டை அவருக்குத்தான் வைக்கிறோம். சுற்றி நின்ற எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது, எனக்கும்தான். வரியைத் தூக்கி உச்சியில் வைத்தேன். தலைவருக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. யாராவது முகவரியைப் பிழையாக அடித்தால், அப்படி ஒரு பக்கம் இல்லை என்று இங்கிலிசில் முகத்தில் அடித்தமாதிரி வருகிறதே, அதற்குப் பதிலாகக் கோயில் பக்கம் வரவேண்டும். வழி தவறி வந்தவனுக்கும் கோயில் வாசல் திறந்திருக்கவேண்டும் என்றார். நல்ல எண்ணம்தான். எந்த வழியால் எது வந்தாலும் ஏற்றுக்கொள் என்று அதே பொறுப்பாளிக்குச் சொல்லி வைத்தேன்.

பஸ் நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசையில் முதலாவதாக நிற்கிற கொண்டக்டர், எங்கே போகவேண்டும் என்று கேட்காமல், எல்லா இடமும் போகும், ஏறுங்கோ, ஏறுங்கோ என்கிறார். பின்னால் நிற்கிற தெல்லிப்பழை பஸ் வெறுமையாய்க் கிடக்கிறது. அர்ச்சனை வரியைச் சேர்த்த அன்றைக்கும் வான் பக்கம் திறக்கிறதா என்று நான் பார்த்தேன். திறந்தது. ஏற்கெனவே இருக்கிற பக்கத்தைக் காட்டுவது வேறு வேலை, அதற்கு அந்தக் கோப்புத் தேவையில்லை. நிரப்பி அனுப்பும்போதுதான் கோப்புக்குள்ளே வரும். சும்மா அனுப்பிப் பார்த்தால் சாரதித் தம்பி வானை எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிடுவான், பாவம் என்று அனுப்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தால் வான் கேட்டது மாமியின் மகன் ஒருவர்தான்.

ஐயரிடம் மாமியின் செய்தியைக் காட்டி, இதற்கு என்ன செய்தீர்கள் ஐயா என்று கேட்டேன்.

"செய்யாமல் விடுவனே? நட்சத்திரம் பிழையெண்டாலும் பேர் இருக்குத்தானே. ஆறரை எண்டு நேரமும் போட்டுக் கிடந்துது, நேரம் குறிச்சு ஒருத்தரும் அனுப்புறேல்லை, ஏதோ முக்கியம் எண்டு ஆறரைக்கே மணி அடிச்சுச் செய்தன்" என்றார்.

கோயிலில் இருந்து மாமி வீட்டுக்கு எவ்வளவு தூரம் என்று உங்களுக்குத் தெரியும். அந்த மணி மாமிக்குக் கேட்டிருக்கும். கதிரையில் இருந்து றோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, அது தனக்காக அடிக்கிற மணி என்று எப்படித் தெரியும்?

கோப்பைத் திருத்துவதற்கு முன் தலைவரைக் கடைக்குக் கூப்பிட்டேன். அவருக்குச் சொல்லாமல் பிள்ளையாரை நகர்த்தினால் ஊரில் இருக்க முடியாது. விசயத்தைச் சொன்னதும் தலைவருக்கு மாமியை நினைத்து மெய்யாகவே கவலை வந்தது. அப்படிப்பட்ட மனுசியைக் காத்திருக்க விட்டுவிட்டோமே என்று இரண்டு மூன்று தரம் சொன்னார். ஆனாலும் வரியைக் கீழே இறக்கப்போகிறேன் என்றதும் முகம் மாறியது.

"கடைசியிலையோ? பிள்ளையாரையோ?"

ஐயர் சிரித்துக்கொண்டு, சுவாமி வீதி உலா வரும்போது சண்டேசுரர் கடைசியாகத்தானே வருகிறார், அவருக்கு அதனால் என்ன குறை என்று கேட்டார்.

"சண்டேசுரர் வேறை ஐயா, பிள்ளையார் வேறை. உது உங்களுக்குச் சொல்லித் தாறதுக்கு நான் ஆர்?" என்றார் தலைவர்.

நான் அந்த ஒரு பொறுப்பாளியை இரண்டாகப் பிரித்தேன். அர்ச்சனைக்கு என்று வருகிறதை மட்டும் ஏற்கிறவர் உச்சியிலேயே நிற்கட்டும். மற்றவருடைய வேலை எதற்கும் அவர் கை நீட்ட மாட்டார். அவருக்குக் கீழே வான். வழி தவறி வருகிறவர்களைப் பிடிக்கிறவர் எல்லோருக்கும் கடைசியில். அங்கே நின்றால்தான் ஒருவரும் தப்பிப் போகமாட்டார்கள். திரையில் காட்டினேன். தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"அப்ப பிள்ளையார் முதலிலையும் நிக்கிறார், கடைசியிலையும் நிக்கிறார்."

ஓம் என்றேன்.

"நடுவிலை?"

"நடுவிலை வான்."

கண்ணாடியைக் கழற்றினார். "அது சரி" என்றார். "ரெண்டு பக்கமும் ஆள் நிண்டால் வானுக்கும் பாதுகாப்புத்தானே."

என்னுடைய பெயரைப் போட்டுத் திரும்ப அனுப்பினேன். வான் பதிவாகிவிட்டது, சாரதி அழைப்பார் என்று வந்தது. அதுதான் நான் முந்தி எழுதிய பதில். அதைக் கண்ட பிறகுதான் நினைவு வந்தது. உள்ளே வந்திட்டன் என்று எழுதப்பட்டிருந்தது. ஐயரின் ஃபோன் சத்தம் போடவில்லை. சாரதித் தம்பி அடித்து, அண்ணை, உங்களுக்குத் தெல்லிப்பழையிலை என்ன, என்ன செய்யுது உங்களுக்கு என்று பதறினான். எனக்கு ஒன்றும் செய்யவில்லையடா, இனி ஒன்றும் செய்யாது என்றேன். மூன்று நாளாய் நெஞ்சில் வைத்திருந்த கல்லை யாரோ எடுத்துக்கொண்டு போனமாதிரி இருந்தது.

ஆனால் மாமியிடம் சொல்வது மிச்சம் இருந்தது. கோப்பைத் திருத்தினால் போதாது. ஐயரிடம் ஃபோனை இரவலாக வாங்கிக்கொண்டு போனேன். ஐயர் தானும் வருவதாகச் சொன்னார். வேண்டாம், நீங்களும் வந்தால் ஊரே சேர்ந்து கெஞ்ச வந்திருக்கிறது என்று மாமி நினைப்பார் என்று தடுத்துவிட்டேன்.

மாமி முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றார். திரும்பவும் வந்துவிட்டானா என்ற மாதிரிப் பார்த்தார். நான் ஃபோனை நீட்டினேன். கண்ணாடியை எடுத்துவந்து போட்டு, தன்னுடைய பெயரைப் படித்தார். அடுத்ததையும் படித்தார்.

"இது ஆற்றை ஃபோன்?"

கோயில் ஐயருடையது என்றேன். மகன் வானுக்கு அனுப்பியது வானுக்குப் போகவில்லை, அர்ச்சனை என்று நினைத்துக் கோயிலுக்குப் போய்விட்டது என்றேன். ஐயர் தெல்லிப்பழை என்பதை நட்சத்திரம் என்று நினைத்து, புதன்கிழமை ஆறரைக்கு உங்களுடைய பெயருக்கு அர்ச்சனை செய்திருக்கிறார் என்றேன்.

மாமி என்னைப் பார்த்தார். பிறகு ஃபோனைப் பார்த்தார். சீலைத் தலைப்பை எடுத்து வாயை மூடிக்கொண்டார். அழுகிறாரோ என்று பயந்தேன். தோள் இரண்டும் குலுங்கின. சிரிப்பு. அப்படி அவர் சிரித்து எவ்வளவோ காலம்.

"தெல்லிப்பழை நட்சத்திரமோ? நான் அத்தம் எல்லோ. ஐயருக்குச் சொல்லிவிடும்" என்றார்.

சொல்கிறேன் என்றேன். அவர் ஒரு சீலையை எடுத்துக் கொடியில் விரித்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"அப்ப ஒருத்தரும் மாட்டன் எண்டு சொல்லேல்லை?"

"வானுக்குத் தெரியவே தெரியாது மாமி. தெரிஞ்சிருந்தால் உவன் அஞ்சரைக்கே வந்து நிண்டிருப்பான்."

"அந்தப் பொடியனை நான் தேத்தண்ணி குடுத்துத் துரத்திப்போட்டன்" என்றார். இன்னும் ஒரு சட்டையை எடுத்து உதறிக் கொடியில் போட்டார். "செவ்வாய்க்கிழமை ஆறரைக்கோ?"

ஆறேகாலுக்கே வந்து நிற்பான் என்றேன்.

திங்கட்கிழமை பிரான்சில் இருந்து மகன் திரும்பவும் நிரப்பி அனுப்பினார். எனக்கும் அடித்து, இந்த முறை வேறு பதில் வந்திருக்கிறது அண்ணை, சரிதானே என்று கேட்டார். சரி என்றேன். ஆனாலும் அன்றைக்கு நித்திரை சரியாக வரவில்லை. திருத்தியது திருந்திவிட்டதா என்பது கண்ணால் காணும்வரை நிச்சயமில்லை. இந்த வேலையில் எனக்குப் பழகிப்போன ஒரு பயம் அது.

செவ்வாய்க்கிழமை விடிய எழும்பி, பால் வாங்கப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு மாமி வீட்டு ஒழுங்கையால் போனேன். மாமி படலையடியில் கதிரையைப் போட்டு இருந்தார். என்னைக் கண்டு, என்ன தம்பி, வேலிக்குக் காவலோ என்று கேட்டார். பால் என்று சைக்கிளில் தொங்கிய கானைக் காட்டினேன். அவர் நம்பவில்லை, நம்பினமாதிரித் தலையாட்டினார். ஆறேகாலுக்கும் முன்னமே வான் ஒழுங்கைக்குள் திரும்பியது. கண்ணாடியில் பிள்ளையார் துணை. சாரதித் தம்பி குதித்து இறங்கிப் பையை வாங்கினான். மாமி ஏறும் முன் அவனுடைய கையில் எதையோ வைத்தார். ரொபிதான். ரொபியை வாய்க்குள் போட்டுக்கொண்டு வானை எடுத்தான். கோயிலில் காலைப் பூசைக்கு மணி அடித்தது. வான் றோட்டில் ஏறி வடக்குப் பக்கமாகத் திரும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒழுங்கையில் ஒருவரும் இல்லை. கதிரை படலைக்கு வெளியே கிடந்தது. சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு, கதிரைக் கால்களில் ஒட்டியிருந்த பனி ஈரத்தை என்னுடைய சாரத்து நுனியால் துடைத்தேன். தூக்கிக்கொண்டு போய் மாமியின் விறாந்தையில் வைத்துவிட்டு வந்து, படலையை இழுத்துச் சாத்தினேன். பிறகு பால் வாங்கப் போனேன்.